மூன்று வயது வரை யார் பார்ப்பது?

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் சாமைக்குக் களையெடுக்கும் நாளில் கொல்லையோர மரக்கிளையில் சேலைத் தூளி தொங்கும். பல நேரம் அதை ஆட்டிக்கொண்டிருப்பது குழந்தையின் அக்கா. அவள் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய நேரம் அது.

அங்கன்வாடி இல்லாமல் இல்லை. மூன்று வயதான பிள்ளை அங்கே போய் விளையாடலாம், மதியம் சாப்பிடலாம். கைக்குழந்தைக்குச் சத்துமாவுதான் வீட்டுக்கு வரும்; பார்த்துக்கொள்ள ஆள் வருவதில்லை. தாயைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. ஆண்கள் பிழைப்புக்காக மலையிறங்கும் ஊர்கள் இவை. அப்படிப் போனவர்களில் சிலர் திரும்பவே இல்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையினர் சுட்டதில் இறந்த 20 தமிழகத் தொழிலாளர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. ஆண் துணை இல்லாத வீட்டில் கொல்லை வேலையும் கூலி வேலையும் கைக்குழந்தையும் ஒருத்தியின் தலையில்தான் விழுகின்றன.

ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் உள்ள குடியிருப்பு கேட்டால் மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி தர வேண்டும் என்று 2006 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. சமவெளிக்கு அது பெரிய வரம். வீடுகள் சிதறிக் கிடக்கும் மலையில் 40 பிள்ளைகளை எப்படி எண்ணிக் காட்டுவது?

எங்கள் நிலைப்பாடு தெளிவானது. மலையில் தலைக்கணக்கைப் பார்க்கக் கூடாது, நடக்கும் தூரத்தைப் பார்க்க வேண்டும். இடுப்பில் பிள்ளையோடு தாய் நடந்து போகக்கூடிய தொலைவில், பத்துப் பிள்ளைகளே இருந்தாலும், ஒரு காப்பகம் வேண்டும்.

இது நடக்காத காரியம் அல்ல. சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பகுதிக் காட்டோர ஊர்களில் ஜன ஸ்வாஸ்த்ய சஹயோக் என்ற மருத்துவர் குழு ‘ஃபுல்வாரி’ என்ற பெயரில் இதைத்தான் செய்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை அந்தந்த ஊர்ப் பெண்களே பார்த்துக்கொண்டார்கள்; பகல் முழுக்கச் சாப்பாடு, தூக்கம், விளையாட்டு எல்லாம் அங்கேயே. அம்மாக்கள் நிம்மதியாக வேலைக்குப் போனார்கள். 2005ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டமும், வேலையிடத்துக்கு ஐந்து குழந்தைகள் வந்தால் அவர்களைப் பார்க்கும் பெண்ணுக்கு முழுக் கூலி என்றது. பிள்ளை பார்ப்பதும் வேலைதான் என்பதை அரசு அன்றே ஒப்புக்கொண்டுவிட்டது.

ஆகவே, ஜவ்வாது மலைக் காப்பகங்களுக்கு அந்தந்த ஊர்ப் பெண்களையே நியமிக்க வேண்டும். ஊக்கத்தொகை என்று ஏதோ கொடுக்காமல் மாதச் சம்பளம் தர வேண்டும். களையெடுப்பு, அறுவடைக் காலங்களில் விடியற்காலையிலேயே கதவு திறக்க வேண்டும். தட்டில் முட்டையும், இந்த மலையில் விளைந்த சாமையும் இருக்க வேண்டும். எந்த ஊரில் முதலில் திறப்பது என்பதை அந்த ஊர்த் தாய்மார்களைக் கூட்டி வைத்து, அவர்களைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.