செனட் இல்லமும் முடக்கப்பட்ட கணக்குகளும்

திருத்தணி அரசு கலைக் கல்லூரியில் படிக்கும் பள்ளிப்பட்டு மாணவர் பெறுவது சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம். அப்பல்கலைக்கழகத்தின் முகமாக மெரினா எதிரே நிற்பது, ராபர்ட் சிசோம் வடிவமைத்து 1879இல் கட்டிமுடிக்கப்பட்ட செனட் இல்லம். 1937இல் சென்னை மாகாணச் சட்டமன்றமும் சில மாதங்கள் அங்கேதான் கூடியது, எம்.சி. ராஜா அதில் உறுப்பினர்.

பழுதடைந்த அக்கட்டடம் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுப்பிக்கப்பட்டது. வரவேற்கத்தக்கதே. ஆனால் 2024 பிப்ரவரியில், ஏறத்தாழ 424 கோடி ரூபாய் வரிபாக்கி எனக் கூறி, பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித்துறை முடக்கியது. அரசு நிதியின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டதால் வரிவிலக்குக்குத் தகுதியில்லை என்பது துறையின் வாதம். அரசு கைகழுவியது; தண்டனையோ பல்கலைக்கழகத்துக்கு!

அடுத்து நடப்பது நாம் அறிந்ததே. மானியம் சுருங்கினால் கட்டணம் ஏறும், சுயநிதிப் படிப்புகள் பெருகும், ஆசிரியர் பணியிடங்கள் காலியாகவே கிடக்கும். பணியிடமே நிரப்பப்படாதபோது இடஒதுக்கீடு எதில் நடைமுறையாகும்? உதவித்தொகையை நம்பி வரும் முதல் தலைமுறை தலித் மாணவர் முதுகலை வாசலிலேயே திரும்ப நேரிடும்.

கட்டடத்தின் பாரம்பரியத்துக்குப் பாதுகாப்புக் கோருவோர், மொத்த வருவாயில் பாதிக்குக் குறையாத அரசு மானியத்தை 1923ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்திலேயே உறுதிசெய்யும் திருத்தத்தையும் கோர வேண்டும்.