‘ஹோல்ட்’ போட்டால் போதுமாம்!

டெபியனில் ஒரு மென்பொருளின் மூலநிரலை எடுத்து, நாலு வரி திருத்தி, திரும்பக் கட்டி நிறுவுகிறோம். அடுத்த அப்டேட்டோட எங்கட திருத்தம் காணாமல் போகுது. உடனே விசயம் தெரிஞ்ச அண்ணாமார் சொல்லுற வைத்தியம்: ஹோல்ட் போடு. அதாவது, அந்த மென்பொருளைப் புதுப்பிக்காமல் பூட்டி வை.

பூட்டினால் பாதுகாப்புத் திருத்தங்களும் வராதே! எங்கட நாலு வரியோட பழைய ஓட்டையையும் சேர்த்தெல்லோ பாதுகாக்கிறம். இதுக்குப் பெயர் வைத்தியமா?

ஜென்டூவைப் பாருங்கோ. திருத்தத்தைத் தனிப் பேட்ச் கோப்பாக்கி அதுக்குரிய கோப்புறையில் வைத்தால், ஒவ்வொரு முறை கட்டும்போதும் அதுவே சேர்க்கப்படும். பொருந்தாவிட்டால் கட்டுவது பிழையோட நிற்கும். நிற்கட்டும். மூலநிரல் மாறிப்போச்சு, வந்து பார் எண்டுதான் அது கூப்பிடுது.

டெபியனிலும் குவில்ட் இருக்கு. பேட்ச்சை அதில் வைத்து, பதிப்பெண்ணின் பின்னால் சொந்த அடையாளம் சேர்த்து, புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் திரும்பக் கட்டவேணும். அலுப்புத்தான், ஒத்துக்கொள்ளுறன்.

ஆனால் பேட்ச்சை ஒளிச்சு வைக்காதேங்கோ. 2006இல் டெபியன்காரர் ஓபன்எஸ்எஸ்எல்லில் செய்த சின்னத் திருத்தம், ஊகிக்கக்கூடிய சாவிகளை உருவாக்கியது. வெளியில் தெரியவந்தது 2008இல். உங்கட திருத்தத்தை மூலத்திட்டத்துக்கே அனுப்புங்கோ. பிழையெண்டால் சொல்லுவினம். சேர்த்துக்கொண்டால், பேட்ச்சை அழிச்சுப்போட்டு நிம்மதியாப் படுக்கலாம்.