மழை மேல் பழி போடுவதற்கு முன்

பாட்டிக்காக நேற்றிரவு நாடகத்தைப் பதிவு செய்து வைத்தீர்கள். இன்று போட்டுப் பார்த்தால் முக்கியமான கட்டத்தில் படம் சதுரம் சதுரமாக உடைகிறது. குரல் அறுந்து அறுந்து கேட்கிறது. "நேத்து மழை, அதான்" என்கிறார் அப்பா. "பூஸ்டர் வாங்கிப் போட்டா சரியாயிடும்" என்கிறார் அண்ணன். மாணவர்களே, இரண்டையும் உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள் என்பதே என் வாதம். சோதிக்காமல் சொன்ன காரணத்தை நம்பிக் கடைக்குப் போனால் பணம்தான் வீண்.

முதலில் மழை. வீட்டில் ஆஸ்ட்ரோ தட்டு இருந்தால் அப்பா சொல்வது சரியாக இருக்கலாம். செயற்கைக்கோளிலிருந்து வரும் அலை ஏறக்குறைய 12 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் 2.5 சென்டிமீட்டர்தான். கனமழை அதை உறிஞ்சியும் சிதறடித்தும் பலவீனமாக்கிவிடும். ஆனால் மைஃப்ரீவியூ தரைவழி ஒளிபரப்பு. அது 470 முதல் 694 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் வருகிறது; அலைநீளம் 43 முதல் 64 சென்டிமீட்டர். சில மில்லிமீட்டர் அளவுள்ள மழைத்துளியை அந்த அலை பொருட்படுத்துவதே இல்லை. மழை நாளில் அது கெட்டால், ஏரியல் கம்பியின் இணைப்புக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய அனலாக் ஒளிபரப்பு மலேசியாவில் 31 அக்டோபர் 2019-இல் முடிவுக்கு வந்தது. அதில் சமிக்ஞை குறையக் குறையத் திரையில் புள்ளிகள் கூடும், முன்கூட்டியே தெரிந்துவிடும். இலக்கவியலில் சிறு பிழைகளைக் கருவியே திருத்திக்கொள்கிறது. எல்லை தாண்டியதும் படம் ஒரேயடியாக உடைகிறது. அதனால் 'நேற்று வரை நன்றாகத்தானே இருந்தது' என்பது சான்றே ஆகாது.

உண்மையில் கேட்க வேண்டியது, எங்கே தொலைந்தது என்பதுதான். பதிவை இரண்டு முறை ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் உடைந்தால், பதிவு நன்றாக இருக்கிறது; அதைப் படிப்பதில்தான் கோளாறு. ஒரே இடத்தில் உடைந்தால் பெரும்பாலும் பதிவிலேயே தரவு இல்லை.

இல்லாத தரவு காற்றில் தொலைந்ததா, பெட்டிக்குள் வந்தபின் தொலைந்ததா? ஒளிபரப்பு 188 பைட் கொண்ட சிறு பொட்டலங்களாக வருகிறது. ஒரே காட்சி ஓடையைச் சேர்ந்த பொட்டலங்களில் 0 முதல் 15 வரை சுற்றிச் சுற்றி வரும் எண் ஒன்று உண்டு, பேருந்து டிக்கெட் எண் மாதிரி. 6-க்குப் பின் 9 வந்தால் நடுவில் சில காணாமல் போய்விட்டன. திருத்த முடியாத பிழையைக் கண்டால், பெறும் கருவி அந்தப் பொட்டலத்தில் 'பழுது' என்று குறியும் இடும். குறி இருந்தால் ஏரியலையும் கம்பியையும் சந்தேகியுங்கள். குறியே இல்லாமல் எண் மட்டும் தாவினால் மெதுவான விரலிமேல் சந்தேகம் திரும்ப வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த துப்பு இது. கணினியில் பதிவு செய்பவர்கள் இதை நேரடியாகவே பார்க்கலாம்.

தொலைக்காட்சிப் பெட்டி எழுதும் கோப்புகள் பெரும்பாலும் பூட்டப்பட்டிருக்கும். அப்போது, பதிவாகும் நேரத்தில் அதே நிகழ்ச்சியை நேரலையாகவும் பாருங்கள். நேரலை சுத்தமாக ஓடிப் பதிவு மட்டும் உடைந்தால் விரலியை மாற்றிப் பாருங்கள். இன்னொன்று: விநாடிக்கு 1 மெகாபைட் வீதம் எழுதும்போது ஏறக்குறைய 70 நிமிடத்தில் 4 கிகாபைட் ஆகிவிடும். எஃப்ஏடி32 முறையில் அமைத்த விரலி அதற்கு மேல் பெரிய கோப்பை ஏற்காது. பல பெட்டிகள் கோப்பைத் துண்டாக்கிச் சமாளிக்கும், சில நின்றுவிடும்.

இனி அண்ணனின் பூஸ்டர். பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் பலம், தரம் என்று இரண்டு அளவுகள் இருக்கும். பூஸ்டர் சமிக்ஞையோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். ஒளிபரப்புக் கோபுரம் அருகில் இருந்தால் பெட்டியைத் திணறவும் வைக்கும். நண்பர் வீட்டிலிருந்து ஒன்றை இரவல் வாங்கி, வேறு எதையும் மாற்றாமல் அதை மட்டும் பொருத்திப் பாருங்கள். பலம் ஏறியும் தரம் இறங்கினால், கழற்றித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.