மூங்கிலில் கடதாசி: நமக்குச் சரிவருமா?

அன்பான முந்தல் உறவுகளே,

2022 மார்ச்சை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். டொலர் இல்லை, அதனால் கடதாசியும் இல்லை. மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்தார்கள். சில பத்திரிகைகள் சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின. அன்று ஏறிய கொப்பி விலை பழைய இடத்துக்கு இறங்கவே இல்லை. மூன்று பிள்ளைகளைப் படிக்க வைக்கும் கடற்றொழில் குடும்பம் வருடத் தொடக்கத்தில் என்ன பாடுபடுகிறது என்பதை ஆசிரியர்களாகிய நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

"மூங்கில் சும்மா வளருதே, அதில கடதாசி செய்தா என்ன?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

மூங்கில் நல்ல மூலப்பொருள்தான். அது மரமல்ல, புல் இனம். நட்டு நாலைந்து வருடத்தில் வெட்டத் தொடங்கலாம்; வெட்டிய புதரிலிருந்தே மறுபடி முளைக்கும். அதன் நார் சராசரியாக 2 மில்லிமீற்றர் நீளம், யூக்கலிப்டஸ் நாரைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நார் நீண்டால் கடதாசி லேசில் கிழியாது.

நமது வாழைச்சேனை ஆலை 1950களில் வைக்கோலை நம்பித் தொடங்கியது. பிறகு வந்த எம்பிலிப்பிட்டிய ஆலையும் அப்படித்தான். வைக்கோலில் சிலிக்கா மிக அதிகம். அவித்த பின் வரும் கறுப்புக் கழிவுநீரிலிருந்து சோடாவைத் திரும்ப எடுக்க அது விடாது. இயந்திரத்தில் படிந்து அடைத்துவிடும். சோடாவுக்கு மறுபடி மறுபடி காசு, கழிவு ஆற்றுக்கு. மூங்கிலிலும் சிலிக்கா உண்டு, ஆனால் வைக்கோலை விடப் பல மடங்கு குறைவு.

ஆனாலும் அவசரப்படக் கூடாது. அசாமில் மூங்கிலை வைத்தே ஓடிய கச்சார் ஆலை 2015 இலும் நாகோன் ஆலை 2017 இலும் நின்றுபோயின. கர்நாடகத்தில் ஆலைகளுக்காகக் காட்டு மூங்கிலை வெட்டித் தீர்த்ததில் கூடை பின்னும் ஏழைகள் பாதிக்கப்பட்டார்கள். இன்னொன்று, சில மூங்கில் இனங்கள் பல பத்து வருடத்துக்கு ஒருமுறை ஒன்றாகப் பூத்து ஒன்றாகவே செத்துப்போகும். மிசோரத்தில் 1959 இலும், பிறகு 2006-2008 இலும் அது நடந்தது. எலி பெருகிப் பயிரையும் அழித்தது. ஒரே இனத்தை நம்பும் ஆலைக்கு இது பெரிய ஆபத்து.

நமது ஊரில் நடலாமா? களப்போரத்து உப்பு மணலும் நமது குறைந்த மழையும் மூங்கிலுக்குப் பொருந்தாது. தென்னையை வெட்டி மூங்கில் வைக்கச் சொன்னால் யாரும் நம்பாதீர்கள். அது மகாவலிக் கரைக்கும் மலையடிவாரத்துக்கும் உரிய பயிர். தேங்காய்த் தும்பில் செய்யலாமே என்றும் கேட்பீர்கள். தும்பின் நார்க் கலம் 1 மில்லிமீற்றர்கூடத் தேறாது, லிக்னினோ 40 வீதத்துக்கு மேல். கயிற்றுக்கும் மெத்தைக்கும் சரி, எழுதும் கடதாசிக்குச் சரிவராது.

எனவே எங்கள் கருத்து இதுதான். அரசு மூங்கில் ஆலை பற்றிப் பேசினால் இரண்டு கேள்வி கேட்போம்: காட்டை வெட்டாமல் தோட்டம் எங்கே போடப்போகிறீர்கள்? சோடாவை மீட்கும் பொறி ஆலையோடு சேர்ந்து வருமா?

அதுவரை நம் கையில் இருப்பது பழைய கடதாசி. அதை மீண்டும் கூழாக்குவது மூங்கிலை அவிப்பதைவிட இலேசு, செலவும் குறைவு. வருட முடிவில் கொப்பிகளைக் குப்பையோடு எரிக்கிறோம். அதை நிறுத்தி, பாடசாலையிலும் பள்ளிவாசலிலும் நனையாமல் தனியாகச் சேர்த்து மீள்சுழற்சிக்குக் கொடுப்போம். குர்ஆன் வசனம் உள்ள தாள்களை மட்டும் முதலில் பிரித்து எடுத்துவிடுங்கள்.

யார் யார் கைகொடுப்பீர்கள் என்று கீழே எழுதுங்கள்.