வேரறுப்பது கவாத்தாகுமா?

கம்பம் பள்ளத்தாக்கில் கொடிமுந்திரித் தோட்டம் வைத்திருக்கும் உழவருக்குக் கவாத்தின் நுட்பம் தெரியும். காய்த்து ஓய்ந்த கொடியில் எந்தக் கிளையை எந்தக் கணுவில் நறுக்குவது, எத்தனை கண்களை விட்டுவைப்பது என்பதை அவர் கையே அறியும். நறுக்கிய கையோடு எருவிட்டு நீரும் பாய்ச்சுவார். ஆனால் கத்தியெடுத்தவரெல்லாம் கவாத்துச் செய்தவராகார். கொடியின் அடியை அறுத்துவிட்டு, "நீர்ச்செலவு மிச்சம்" என்று கணக்கெழுதுவாரை இப்பள்ளத்தாக்கில் எவரும் உழவரென்று அழையார்.

தில்லியார் அதைத்தான் செய்தனர். 2000-ஆம் ஆண்டு அத்தோபரில் "பாரத் சஞ்சார் நிகாம்" என்று தமிழர் நாவில் ஏறாப் பெயர் சூட்டி நடுவணரசு தோற்றுவித்த பி.எசு.என்.எல். தொலைத்தொடர்பு நிறுவனத்தினின்று, 2020 சனவரி 31-ஆம் நாள் ஒரே நாளில் ஏறத்தாழ 78,500 பேர் வெளியேறினர். ஒன்றரை இலக்கம் பணியாளரில் இது பாதிக்கும் மேல். இதற்கு "விருப்ப ஓய்வு" என்று பெயர்! 2019 பிப்பிரவரிச் சம்பளமே உரிய காலத்தில் வரவில்லை. ஒப்பந்தத் தொழிலாளர் மாதக்கணக்கிற் கூலியின்றித் தவித்தனர். வயிற்றைக் காயவைத்த பின் கேட்கப்படும் விருப்பம் எத்தகைய விருப்பம்?

"வருவாயில் முக்காற்பங்கு சம்பளத்துக்கே போகின்றது, ஆட்குறைப்பன்றி வேறு வழியில்லை" என்றனர். கணக்குப் பொய்யன்று. ஆயின் அப்பங்கு பெருத்தது சம்பளம் மிகுந்ததாலா, வருவாய் சுருங்கியதாலா என்பதை அவர்கள் சொன்னாரில்லை. 2016 செப்டம்பரில் தனியார் பெருமுதலாளி நான்காந் தலைமுறை அலைக்கற்றையோடு களமிறங்கி, முதலில் விலையின்றியே வாரி வழங்கினார். அரசு நிறுவனத்துக்கு அவ்வலைக்கற்றையை ஒதுக்க நடுவண் அமைச்சரவை இசைந்ததோ 2019 அத்தோபரில். 2020-இல் கருவிகளுக்கான ஒப்பந்தப்புள்ளியும் கைவிடப்பட்டது. நாடளாவிய நான்காந் தலைமுறைப் பணி தொடங்கியது 2025 செப்டம்பர் 27-ஆம் நாள். தனியார் ஐந்தாந் தலைமுறையையே 2022-இல் தொடங்கிவிட்டிருந்தனர். ஓட்டப் போட்டியிற் காலைக் கட்டிவிட்டவனே, பின்தங்கியவனைப் பார்த்து, "உன் உடம்பு பெருத்துவிட்டது, பாதியை வெட்டு" என்றதற்கு ஒப்பானது இது.

வெட்டுண்டவர் யாவர்? ஐம்பது அகவை நிறைந்த பட்டறிவாளர். தேனி மாவட்டம் போன்றதொரு மலைநாட்டில் அதன் பொருள் எளிதில் விளங்கும். போடிமெட்டு வளைவுகளிலும் மேகமலைச் சரிவிலும் எந்தக் கம்பி எங்கே புதைந்துள்ளது, எந்த இணைப்பில் மழைநீர் புகும், எந்தக் கோபுரத்து மின்கலம் நள்ளிரவில் ஓயும் என்பதெல்லாம் ஏட்டில் உள்ளவையல்ல; கால்கடுக்க நடந்தவன் நெஞ்சில் உள்ளவை. அவன் வீட்டுக்குப் போனபோது அவ்வறிவும் உடன் போயிற்று. ஆண்டுதோறும் மாறும் ஒப்பந்தக்காரரிடம் அதை எதிர்பார்க்கவியலுமா? மின்னணு ஏலத்தை நம்பியிருக்கும் போடி ஏலக்காய் வணிகர்க்கும், நோயுற்ற பிள்ளையோடு மலைமேல் இருக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் தொலைத்தொடர்பு ஆடம்பரமன்று, உயிர்நாடி.

வெட்டியதன் விளைவு 2024-இல் வெளிப்பட்டது. சூலையில் தனியார் கட்டணத்தை உயர்த்தவே, நான்கு மாதங்களில் 60 இலக்கத்துக்கும் மேற்பட்டோர் அரசு நிறுவனத்தை நாடி வந்தனர். வாயிலுக்கு வந்த விருந்தை அமர்த்த இலையில்லை! நான்காந் தலைமுறை இன்னும் முழுமையாக வந்திலது. நவம்பர் முதலே வாடிக்கையாளர் எண்ணிக்கை மீண்டும் சரியலாயிற்று.

ஆட்குறைப்பால் ஊதியம் வந்ததே என்பார் உளர். ஆம், 2024 கடைசிக் காலாண்டில், 17 ஆண்டுகளுக்குப் பின் 262 கோடி உருபா ஊதியம் காட்டப்பட்டது. 2025 ஏப்பிரல் முதல் சூன் வரையிலான காலாண்டிலோ மீண்டும் இழப்பு. 2019, 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் மும்முறை அறிவிக்கப்பட்ட மூன்று இலக்கம் கோடிக்கு மேற்பட்ட மீட்புத் திட்டங்களுக்குப் பின்னும் இந்நிலை. அப்பொருளும் அலைக்கற்றையும் பத்தாண்டுகளுக்கு முன்னரே வந்திருந்தால் இத்தனை குடும்பத் தலைவர்களை அனுப்ப நேர்ந்திருக்குமா?

இந்நோய் அரசு நிறுவனத்தோடு நிற்கவில்லை. 2023-இல் இதே நான்காந் தலைமுறைப் பணிக்கு 15,000 கோடிக்கு மேற்பட்ட ஆணையைப் பெற்ற கூட்டமைப்பின் தலைமை நிறுவனமாகிய டி.சி.எசு., 2025 சூலையில் 12,000-க்கு மேற்பட்டோரை நீக்குவதாக அறிவித்தது. நடுநிலை, மேல்நிலைப் பணியாளரே அவருள் மிகுதி. இரண்டு விழுக்காடுதானே என்பர். மென்பொருள் நிறுவனத்தின் முதல் எந்திரத்தில் இல்லை. மாந்தர் மூளையில் உள்ளது. காணி விற்று மகனைப் பொறியியல் படிக்கவைத்த பெற்றோர் அச்செய்தியை வெறுஞ்செய்தியாகப் படித்திரார்.

தமிழர் கேட்கவேண்டியவை தெளிவானவை. வெற்றிடங்களை நிலையான பணியிடங்களாக்கி அந்தந்த மாவட்டத் தமிழிளைஞரைக் கொண்டு நிரப்புக. ஓய்வுற்ற மூத்தோரை அழைத்து அவ்விளைஞரைப் பழக்குக. பழுது சொல்லும் தமிழனுக்குத் தமிழில் மறுமொழி கூறுக. தமிழகத் தொலைத்தொடர்பின் மேலாண்மையைத் தமிழகத்தின் கையில் தருக. தன் மண்ணின் கம்பியும் கோபுரமும் தன் ஆளுகையில் இல்லாத இனம், எவனோ ஒருவன் செலவுக் கணக்குக்குத் தன் மக்களைப் பலியிட்டுக்கொண்டேயிருக்கும்.

கொடி இன்னும் பட்டுப்போகவில்லை. அதற்கு வேண்டியது நீரும் எருவும், மற்றுமொரு கத்தியன்று.