முதலில் நடையா, சாப்பாடா?

"டாக்டரய்யா, நடந்துட்டு சாப்பிடணுமா, சாப்பிட்டுட்டு நடக்கணுமா?"

வாரத்துக்குப் பத்துப் பேராவது என்னிடம் கேட்கிற கேள்வி இது. கேட்கிறவர்களில் பாதிப் பேர் பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். "வெறும் வயித்துலதான் நடக்கணுமாமே?" யார் சொன்னது என்று கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர், மச்சினர், வாட்ஸ்அப் என்று ஆளுக்கு ஒரு பதில் வரும்.

வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயிலின் தேரோடும் வீதிகளிலும் பாகூர் ஏரிக்கரையிலும் விடிந்தும் விடியாத நேரத்தில் நடக்கிறவர்களைப் பார்த்தால் மனதுக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. முன்பெல்லாம் இத்தனை பேரைப் பார்க்க முடியாது. ஆனால் இவர்களில் யார் யார் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பச்சைத் தண்ணீரோடு கிளம்பியிருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. காரணம் இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன்னால் அறுபது வயதைத் தாண்டிய ஒரு விவசாயி மூட்டு வலிக்காக என்னிடம் வந்தார். பாகூர் பக்கத்துக்காரர். உடம்பு எடை கூடியிருந்தது. தைலம் கொடுத்தேன், உள் மருந்து கொடுத்தேன். கூடவே, "காலைல எழுந்ததும் வெறும் வயித்தோட ஒரு மணி நேரம் நடங்க" என்று சொல்லி அனுப்பினேன். அவருக்குச் சர்க்கரை இருப்பது எனக்குத் தெரியும். வேறொரு டாக்டரிடம் இங்கிலீஷ் மாத்திரை சாப்பிடுகிறார் என்பதும் தெரியும். ஆனால் என்ன மாத்திரை, எந்த நேரத்தில் போடுகிறார் என்று நான் கேட்கவில்லை.

அவர் ஐந்து மணிக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு நேராக நடக்கக் கிளம்பியிருக்கிறார். பத்தாம் நாள் ஏரிக்கரையில் கை கால் நடுங்கி, உடம்பெல்லாம் வேர்த்து, வாய் குழறி உட்கார்ந்துவிட்டார். அந்த வழியாகப் போன நாலைந்து பேர், "காலங்காத்தாலேயே போட்டுட்டு வந்துட்டாரு போல" என்று விலகிப் போயிருக்கிறார்கள். நம் ஊரில் தள்ளாடுகிற மனிதரைப் பார்த்தால் முதலில் அப்படித்தானே தோன்றுகிறது? நல்லவேளையாக ஒரு பால்காரருக்கு அவரைத் தெரியும். "இவரு குடிக்கிற ஆளே இல்லியே" என்று சந்தேகப்பட்டு, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ வாங்கிக் கொடுத்து, ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போய்ச் சேர்த்தார். அங்கே பார்த்தபோது, டீ குடித்த பிறகும், ரத்தச் சர்க்கரை 58.

இரண்டு நாள் கழித்து அவருடைய மனைவி என்னிடம் வந்தார். சண்டை போடவில்லை. "நீங்க சொன்ன மாதிரிதானேய்யா செஞ்சாரு?" என்று மட்டும் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மூன்றும் சேர்ந்தால்

என்ன நடந்தது என்று பார்ப்போம். நம் கல்லீரல் ஏறக்குறைய 100 கிராம் சர்க்கரையைக் கிளைகோஜனாகச் சேர்த்து வைத்திருக்கும். ராத்திரி நாம் தூங்கும்போது மூளைக்கும் மற்ற உறுப்புகளுக்கும் இதிலிருந்துதான் படியளக்கிறது. விடியும்போது இருப்பு குறைந்திருக்கும். இது முதல் விஷயம்.

கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்கவைப்பவை. நீங்கள் சாப்பிட்டீர்களா, இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. இது இரண்டாவது. நடக்கும்போது கால் தசைகளும் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இது மூன்றாவது. மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்தால், ஏரிக்கரையில் உட்கார வேண்டியதுதான்.

"வெறும் வயித்துல நடந்தாத்தானே கொழுப்பு கரையும்?" என்று கேட்பீர்கள். பாதி உண்மை. வெறும் வயிற்றில் நடக்கும் அந்த நேரத்தில் உடம்பு கொழுப்பைக் கொஞ்சம் கூடுதலாக எரிக்கிறது. ஆனால் மிச்ச நேரத்தில் உடம்பு கணக்கைச் சரிக்கட்டிவிடுகிறது. அமெரிக்காவில் ஷோன்ஃபெல்டு என்பவரின் குழு 2014-ல் இதைச் சோதித்துப் பார்த்தது. 20 இளம்பெண்கள், நான்கு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் உடற்பயிற்சி. ஒரு பாதிப் பேர் வெறும் வயிற்றில், மறு பாதிப் பேர் சாப்பிட்டுவிட்டு. அளவு குறைத்த சாப்பாடு இரண்டு தரப்புக்கும். கடைசியில் இரண்டு தரப்பிலும் எடையும் கொழுப்பும் குறைந்தன. தரப்புகளுக்கிடையே சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. சிறிய ஆய்வுதான். ஆனாலும் வெறும் வயிற்றுக்கு நாம் கொடுக்கிற மரியாதை கொஞ்சம் அதிகம் என்பது புரிகிறது.

அதைவிட, நடந்த பிறகு என்ன சாப்பிடுகிறோம் என்பதைப் பாருங்கள். அரை மணி நேர நடையில் சுமாராக 150 கலோரி செலவாகும். நடையை முடித்துவிட்டுக் கடையில் உட்கார்ந்து இரண்டு மெதுவடை சாப்பிட்டால் கணக்கு நேர். சாம்பாரும் சட்னியும் லாபம்!

நம் ஊர்க் கணக்கு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய சர்க்கரை நோய் ஆய்வு 2023-ல் வெளியானது. நாடு முழுவதும் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். கோவாவில் 26.4 சதவீதம். அடுத்த இடம் நம் புதுச்சேரிக்கு, 26.3 சதவீதம். அதாவது நான்கு பேரில் ஒருவருக்கு! ஒரு வீட்டுத் திண்ணையில் நாலு பெரியவர்கள் உட்கார்ந்திருந்தால் அதில் ஒருவர் சர்க்கரைக்காரர்.

அதனால், "முன்னாலயா, பின்னாலயா?" என்ற கேள்வியை மற்ற ஊர்க்காரர்கள் கேட்கிற மாதிரி நாம் கேட்க முடியாது. நம்முடைய கவலை, சாப்பிட்ட பிறகு விறுவிறுவென்று ஏறுகிற சர்க்கரை. அதைப் பிடித்து நிறுத்துவதற்கு எந்த நடை நல்லது?

சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தபோது தேரையரின் பிணி அணுகா விதியை நாங்கள் மனப்பாடமாக ஒப்பிப்போம். நோய் நெருங்காமல் இருக்க என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்லும் பாடல்கள் அவை. பசி இல்லாமல் சாப்பிடக் கூடாது என்று அதில் வருகிறது. சாப்பிட்ட பின்பு 'குறுநடை' வேண்டும் என்றும் வருகிறது. பரீட்சைக்காகப் படித்தேனே தவிர, அந்த 'குறுநடை' என்ற சொல்லை நான் நின்று யோசித்தது அந்த விவசாயி விழுந்த பிறகுதான்.

நியூசிலாந்தில் ஒடாகோ பல்கலைக்கழகத்தார் 2016-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். சர்க்கரை நோயுள்ள 41 பேர். ஒரு கட்டத்தில், நாளில் எப்போதாவது ஒரு தடவை 30 நிமிஷம் நடக்கச் சொன்னார்கள். இன்னொரு கட்டத்தில், மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு 10 நிமிஷம் நடக்கச் சொன்னார்கள். மொத்தம் அதே 30 நிமிஷம்தான். ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தபோது, உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைவாக இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு 22 சதவீதம்! தேரையர் சொன்ன குறுநடையும் இதுவும் ஒரே திசையில்தான் போகின்றன.

ராத்திரி நாம் என்ன செய்கிறோம்? எட்டரை மணிக்கு நாலு தோசை, அல்லது கடையில் வாங்கிய பரோட்டா. அப்படியே டி.வி. முன்னால் உட்கார்ந்தால், எழுந்து போவது கட்டிலுக்குத்தான்.

வயலும் சைக்கிளும்

"எங்க அப்பா மூணு வேளையும் சோறுதான் சாப்பிட்டாரு, அவருக்கு ஏது சுகர்?" என்று கேட்பவர்கள் உண்டு. பாகூர் நம் பகுதியின் நெற்களஞ்சியம். அங்கே நடவுக்குப் போன பெண்கள் விடியலில் நீராகாரம் குடித்துவிட்டு இறங்குவார்கள். பத்து மணிக்குக் கரையேறிக் கஞ்சியோ பழையதோ சாப்பிட்டுவிட்டு மறுபடி குனிவார்கள். வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து ஏ.எஃப்.டி. மில்லுக்கு வேலைக்குப் போனவர்கள், சோற்று டப்பாவை மாட்டிக்கொண்டு எட்டு, பத்து கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தார்கள். அவர்கள் வாழ்க்கையில் சாப்பாட்டுக்கு முன்னும் வேலை, பின்னும் வேலை. 'எக்சர்சைஸ்' என்று தனியாக ஒன்று இல்லை.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வேலையில் பட்டினியும் இருந்தது, இடுப்பு வலியும் இருந்தது. 1898-ல் தொடங்கிய அந்த மில் 2020-ல் மூடப்பட்டது. வயல்கள் பலவும் மனைகளாகிவிட்டன. தெருக்கோடிக் கடைக்கும் வண்டியில் போகிறோம். வேலை போய்விட்டது, தட்டில் சோற்றின் அளவு மட்டும் போகவில்லை. அதைத்தான் கவனிக்க வேண்டும்.

இல்லத்தரசிக்கு எந்த நேரம்?

வெறும் வயிற்று விதியின் மேல் எனக்குள்ள பெரிய கோபம் இதுதான். அது பெண்களை வெளியே நிறுத்திவிடுகிறது.

சர்க்கரைக்காக என்னிடம் வரும் ஒரு அம்மா சொன்னார்: "அஞ்சு மணிக்கு வாசத் தெளிப்பனா, புள்ளைங்களுக்கு டிபன் கட்டுவனா, வாக்கிங் போவனா? காலைல நடக்கலைன்னா பிரயோஜனம் இல்லைன்னாங்க, அதான் நாலு வருஷமா நடக்கவே இல்ல." காலையில்தான் நடக்க வேண்டும், அதுவும் ஒரு மணி நேரம், அதுவும் வெறும் வயிற்றில் என்று சொல்லிச் சொல்லி, நடக்கக்கூடிய ஒரு மனுஷியை நாலு வருஷம் உட்கார வைத்துவிட்டோம்.

அவருக்கு நான் சொன்னது, வேளைக்குப் பத்து நிமிஷம். தெருவில் நடக்கக் கூச்சமாக இருந்தால் மொட்டை மாடி, நாய்த் தொல்லை என்றால் வாசலுக்கும் கொல்லைக்கும் நடுவே. மூன்று வேளைக்கும் சேர்த்து அரை மணி ஆகிறது. பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கொஞ்சம் விறுவிறுப்பாக நடந்தால் அந்தக் கணக்கும் சேர்ந்துவிடும்.

"சாப்பிட்டதும் நடந்தா வயித்தைப் பிடிச்சுக்காதா?" என்று பயப்பட வேண்டாம். குறுநடை வேறு, ஓட்டம் வேறு. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஓடுவது, எடை தூக்குவது எல்லாம் கூடாது. வயிறு பிடிக்கும், எதுக்களிக்கும். அவற்றுக்கு இரண்டு, மூன்று மணி நேர இடைவெளி தேவை.

யாருக்கு எது?

சர்க்கரையோ மாத்திரையோ இல்லாதவர்கள், தண்ணீர் குடித்துவிட்டுக் காலையில் தாராளமாக நடக்கலாம். தலை சுற்றினால் அடுத்த நாள் முதல் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

இன்சுலின் போடுகிறவர்களும், இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வெறும் வயிற்றில் நீண்ட நடை போக வேண்டாம். சாப்பிட்டுவிட்டு நடங்கள். வீட்டில் மெஷின் இருந்தால், 100-க்குக் கீழே காட்டும்போது எதுவும் சாப்பிடாமல் கிளம்பாதீர்கள். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை அப்படி இறங்குவது அபூர்வம். உங்கள் மாத்திரை எந்த வகை என்று அதைக் கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள். சித்த மருந்து ஆரம்பித்துவிட்டோம் என்று அதை நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம்.

சட்டைப் பையில், முந்தானை முடிச்சில் கொஞ்சம் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். நடுக்கம், வேர்வை, படபடப்பு வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை, உட்கார்ந்து 15 நிமிஷம் ஓய்வு. சரியாகவில்லை என்றால் இன்னொரு தடவை. நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். காலையில் யாராவது தள்ளாடி உட்கார்ந்திருந்தால், குடிகாரர் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்று பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்.

இதய நோய் உள்ளவர்கள் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வேகமாக நடக்கக் கூடாது. நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம் தெரிந்தால் நின்றுவிடுங்கள், தள்ளிப் போடாமல் டாக்டரைப் பாருங்கள். வயதானவர்களுக்குச் சாப்பிட்டதும் ரத்த அழுத்தம் சற்று இறங்கலாம். அதனால் சடக்கென்று எழாமல், கொஞ்சம் உட்கார்ந்திருந்துவிட்டு, துணையோடு நடப்பது நல்லது.

இப்போதெல்லாம், "நடந்துட்டு சாப்பிடணுமா, சாப்பிட்டுட்டு நடக்கணுமா?" என்று யார் கேட்டாலும் நான் உடனே பதில் சொல்வதில்லை. "என்ன மாத்திரை போடுறீங்க, எத்தனை மணிக்கு?" என்று திருப்பிக் கேட்கிறேன். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அந்த விவசாயி நன்றாக இருக்கிறார். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அவரும் அவர் மனைவியும் தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் வரைக்கும் போய்த் திரும்புகிறார்களாம். "இத்தினி வருஷத்துல இப்பதான் ரெண்டு பேரும் சேந்து நடக்கிறோம்" என்றார் அந்த அம்மா. இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் டி.வி.யைப் போடுவதற்கு முன்னால் நீங்களும் ஒரு பத்து நிமிஷம் நடந்துவிட்டு வாருங்களேன்.