ஓய்வு நேரத்தில் என்ன செய்கிறீர்கள்?

எங்கள் நுரையீரல் நோய்ப் பிரிவுக்கு வருவோரிடம் நாங்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. இருமல் எத்தனை நாளாக, சளியின் நிறம் என்ன, புகைப்பழக்கம் உண்டா, வீட்டில் விறகடுப்பா, என்ன தொழில் என்று கேட்போம். கடைசிக் கேள்விக்கு “ரிட்டையர் ஆகிவிட்டேன்” என்று விடை வந்தால் அத்துடன் நிறுத்திக்கொள்வோம். அவ்வாறு நிறுத்திக்கொண்டது எங்கள் பிழை என்பதை ஒரு நோயாளி எங்களுக்கு உணர்த்தினார். அவருடைய இசைவோடும், அவர் இன்னாரென்று தெரியாதவாறும் இதனை எழுதுகிறோம்.

அறுபதைக் கடந்தவர், ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பல ஆண்டுகளாக இருந்த ஆஸ்துமா மருந்தினால் கட்டுக்குள் இருந்தது. சென்ற மழைக்காலத்தில் இரவு இருமல் மிகுந்து, உறக்கம் கெட்டு எங்களிடம் வந்தார். உடன் வந்த மனைவி, “மாடி அறையில் எந்நேரமும் பெயிண்டும் பசையுமாக உட்கார்ந்திருக்கிறார் டாக்டர். நீங்கள் சொன்னால்தான் கேட்பார்” என்றார். “அதையெல்லாம் விட்டுவிடுங்கள்” என்று நாங்களும் சொன்னோம். எதை விடச் சொல்கிறோம் என்பதைக் கேட்டறியவில்லை.

மூன்று மாதம் கழித்து வந்தபோது அவர் உண்மையாகவே அனைத்தையும் விட்டிருந்தார். இருமல் மட்டும் விடவில்லை. எடை நான்கு கிலோ கூடியிருந்தது. மாடிப்படி ஏறுவதற்கு அவருக்கு இப்போது காரணமே இல்லை. காலை மருந்தை எடுத்துக்கொள்வதிலும் ஒழுங்கு குறைந்திருந்தது. கேட்ட கேள்விக்கு மனைவிதான் விடை கூறினார். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்படி என்னதான் செய்துகொண்டிருந்தீர்கள்?” என்று அன்றைக்குத்தான் கேட்டோம். அவர் கைப்பேசியை எடுத்தார்.

மாடி அறையில் எட்டடி நீளப் பலகையின் மீது ஒரு மாதிரி ரயில்பாதை. உண்மை அளவில் 87-இல் ஒரு பங்கான எச்.ஓ. அளவு. நாற்பதாண்டு நம் ஊர் ரயில்களோடு வாழ்ந்தவர் அமைத்திருந்ததோ அமெரிக்கக் கோதுமைச் சமவெளி! மகள் மினசோட்டாவில் வசிக்கிறாராம். அங்குச் சென்றிருந்தபோது, மினியாபொலிஸ் நகரை ஒட்டிய செயின்ட் லூயிஸ் பார்க் என்னுமிடத்தில் நிற்கும் ஒரு தானியச் சைலோ அவரைக் கவர்ந்துவிட்டது. சைலோ என்பது நம் வீட்டுக் குதிரின் பேருரு. மரத்தாலான தானியக் கிடங்குகள் தீக்கிரையாகிவந்த காலத்தில், பீவி என்ற தானிய வணிகரும் ஹாக்லின் என்ற கட்டுமானரும் கான்கிரீட்டில் வட்டக் கோபுரம் ஒன்றை 1899-1900-இல் எழுப்பிப் பார்த்தனர். வட்ட அச்சுக்குள் கான்கிரீட்டை வார்த்து, அது இறுகியதும் அச்சை மேலே நகர்த்தி மீண்டும் வார்த்தனர். தானியத்தை இறக்கும்போது கோபுரம் வெடித்துவிடும் என்று பலர் எதிர்பார்த்தனர். ‘பீவியின் அசட்டுத்தனம்’ என்று கேலிப்பெயரும் சூட்டினர். வெடிக்கவில்லை. சுமார் 125 அடி உயரத்தில் இன்றும் நிற்கிறது.

இவ்வளவையும் அவர் மூச்சிரைப்பின்றி ஒரே வீச்சில் கூறினார் என்பதை எங்கள் குறிப்பேட்டில் எழுதியிருக்க வேண்டும்.

125 அடியை 87-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 44 செ.மீ. விட்டம் உள்ளளவில் 20 அடி; சுவரின் கனத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, கடையில் கிடைக்கும் 75 மி.மீ. பி.வி.சி. குழாயைத் தேர்ந்திருந்தார். குழாயின் மேற்பரப்பு வழவழப்பானது, பெயிண்ட் பிடிக்காது. எனவே உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். அதன்பின் ஸ்ப்ரே டப்பாவில் சாம்பல் நிற அடிப்பூச்சு, அதன் மேல் வெவ்வேறு சாம்பல் வண்ணங்கள், மழைநீர் வழிந்த கறைக்கு நீர்த்த கரும்பழுப்பு, அடிப்பகுதியில் படிந்த புழுதிக்குச் சுண்ணக்கட்டித் தூள். புதிய குழாய் நூறாண்டுக் கோபுரமாகும் வேலை இதுதான்; இன்பமும் இதில்தான் என்றார்.

நுரையீரல் மருத்துவர்களாகிய நாங்கள் இதே பட்டியலை வேறு விதமாகப் படித்தோம். உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் நுண்தூள் பறக்கும். தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் அது சேறாகித் தட்டிலேயே தங்கிவிடும். பி.வி.சி.யைச் சூடான கத்தியால் அறுக்கலாகாது. அந்தப் புகை ஆஸ்துமாவைக் கிளப்ப வல்லது. ரம்பமே போதும். நொடியில் ஒட்டும் பசையின் ஆவியும், குழாய் ஒட்டும் சொல்யூஷனின் நெடியும் மூச்சுக்குழாயை உறுத்துவன. ஸ்ப்ரேயைக் கைவிட்டு, நீரில் கரையும் அக்ரிலிக் பெயிண்டைத் தூரிகையால் பூசலாம். நீரில் கரைவதுதானே என்று அதையே ஏர்பிரஷ்ஷில் ஊற்றித் தெளித்தால் பயனில்லை. தூவானமாக மாறிய எதுவும் நுரையீரலுக்குள் புகும். என்-95 முகக்கவசம் தூளைத் தடுக்கும், தின்னரின் ஆவியைத் தடுக்காது. மேசையைச் சன்னலோரம் நகர்த்தி, காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்றை அங்கே பொருத்த வேண்டும். தலைக்கு மேல் சுழலும் மின்விசிறியை நிறுத்த வேண்டும் என்றபோது அவர் முகம் வாடியது. சித்திரை மாதத்தில் அது கொடுமைதான், ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் மூன்று மாதமாக இவற்றில் எதையுமே அவர் தொடவில்லையே, இருமல் ஏன் நிற்கவில்லை? விடை அடுத்த படத்தில் இருந்தது. கோபுரத்தின் காலடியில், தண்டவாளத்தை ஒட்டி, கோதுமைக் குவியல் ஒன்று. தவிட்டையும் ரவையையும் கலந்து, நீர்த்த பசை தெளித்து அமைத்ததாம். மிச்சமிருந்த தவிடு பலகைக்கு அடியில் ஒரு சாக்கில். மழைக்காலம் முழுவதும் அது அங்கேயே இருந்தது. “வண்டு வந்துவிட்டது, கொஞ்சம் பூஞ்சை வாடையும் உண்டு” என்றார். அவர்கள் வீட்டில் படுக்கையறை வேறெங்கும் இல்லை. அதே மாடி அறையின் மறு பாதிதான்! பெயிண்ட் வாடை மூக்குக்குத் தெரிந்தது. அதனால் பழி அதன்மேல் விழுந்தது. தவிட்டில் பெருகும் கண்ணுக்குப் புலப்படாத உண்ணிகளும் பூஞ்சையும் வாடையைப் பெரிதாகக் காட்டுவதில்லை.

சாக்கு போயிற்று, குவியலுக்குப் பதிலாக வண்ணமேற்றிய மெல்லிய மணல் வந்தது. இன்ஹேலர் பயன்படுத்தும் முறையையும் மீண்டும் கற்பித்தோம். ஆறு வாரத்தில் இரவு இருமல் பெரிதும் தணிந்தது. தவிடு மட்டுமே காரணம் என்று அறுதியிட்டுக் கூற மாட்டோம். மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டதற்கும் அதில் பங்குண்டு. அதை ஒழுங்காக எடுத்துக்கொள்ள அவருக்கு ஒரு காரணம் திரும்பக் கிடைத்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

நோயாளியின் தொழில் என்னவென்று மருத்துவர் கேட்க வேண்டும் என 1700-இல் வலியுறுத்தியவர் இத்தாலிய மருத்துவர் ரமட்ஸினி. தொழிலாளர் நோய்களைப் பற்றிய அவருடைய நூலில், தானியத்தைச் சலிப்போரும் அளப்போரும் புழுதியால் படும் மூச்சுத்துன்பம் இடம்பெற்றுள்ளது. அவர் சேர்த்த கேள்வியை நாங்கள் விடாமல் கேட்கிறோம். ஓய்வு பெற்றவரிடமும் இல்லத்தரசியிடமும் அது பாதியிலேயே நின்றுவிடுகிறது. பொம்மை செய்பவர், புறா வளர்ப்பவர், சாம்பிராணி உருட்டுபவர், மாடித்தோட்டத்திற்கு மட்கு உரம் கிளறுபவர் எனப் பலர் எங்கள் முன் அமர்ந்து, அதனைச் சொல்லாமலே சென்றிருப்பார்கள்.

எதையும் தடுக்கவே கூடாது என்பது எங்கள் கருத்தன்று. ஐசோசயனேட் கலந்த இருகலவைப் பெயிண்டைத் தெளிப்பவருக்கு ஆஸ்துமா வந்துவிட்டால், அந்தப் பெயிண்டை அறவே விட்டாக வேண்டும். அங்குச் சலுகை கிடையாது. ஆனால் எதை, ஏன், அதற்கு மாற்று என்ன என்று கூறாமல் ‘எல்லாவற்றையும் விடுங்கள்’ என்பது வேலையைச் சுருக்கிக்கொள்ளும் வழி. நாங்கள் அதைச் செய்தோம். வீட்டாரும் அன்பினால் அதையே செய்கிறார்கள். டாக்டர் சொன்னார் என்று கருவிப்பெட்டியைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். ஏற்றுமுன் எங்களிடம் ஒருமுறை காட்டுங்கள். அடுத்த முறை வரும்போது மருந்துச்சீட்டோடு, உங்கள் வீட்டுப் பெரியவர் பொழுதைக் கழிக்கும் இடத்தின் படம் ஒன்றையும் கைப்பேசியில் எடுத்து வாருங்கள். பசை, பெயிண்ட் டப்பாக்களின் லேபிளையும் படமெடுங்கள்.

சென்ற மாதம் அவர் கோபுரத்தைச் செய்தித்தாளில் சுற்றி எங்கள் அறைக்கே கொண்டுவந்தார். மாடியிலிருந்து தாமே இறக்கிவந்தாராம். செவிலியர் ஒருவர் உச்சியில் இருந்த வெண்புள்ளிகளைப் பார்த்து, “இங்கே பெயிண்ட் சிந்தியிருக்கிறதே சார்” என்றார். “சிந்தவில்லை அம்மா, புறா எச்சம். அதற்கு மட்டும் இரண்டு நாள் ஆயிற்று” என்றார் அவர்.